கிளிநொச்சியில் கரி கரைத்த நாட்கள்

கனகராயன்குளம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாலை நடுவே மாடுகள் படுத்திருந்தன. டிரைவர் பார்த்தது கடைசி நொடியில். பேருந்து குலுங்கி நின்றபோது தலைக்கு மேலிருந்த என் பை விழுந்தது. கண்ணாடி உடையும் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது என்று நினைக்கிறேன். மற்றவர்கள் எல்லாம் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் சிங்களத்தில் எதையோ கத்தினார். பக்கத்து இருக்கைப் பெரியவர் எனக்கு மொழிபெயர்த்தார்: "மாட்டுக்காரனுக்கு றோட்டைத் தன்ர பேரில உறுதி எழுதிக் குடுத்திருக்கோ எண்டு கேக்கிறான்."

அதற்குள் என் பையிலிருந்து கறுப்புத் தண்ணீர் ஒழுகி, நடைபாதையில் ஓட ஆரம்பித்துவிட்டது.

"என்ன பிள்ளை, மைப் போத்தலோ?" என்றார் பெரியவர்.

மை என்றே சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் பயந்திருப்பார். அது சுத்தம் செய்த கார்பன் நானோ குழாய். கரியை ஒரு தாளாக நினைத்துக்கொண்டு அதை உருளையாகச் சுருட்டினால் எப்படியோ, அப்படி. தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லியது. காய்ந்து தூளாகிக் காற்றில் கலந்தால் நுரையீரலுக்கு ஆகாது. அதனால் பையிலிருந்த புதுச் சேலையை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, முழங்காலில் நின்று பேருந்தின் தரையைத் துடைத்தேன். கண்டக்டர் முறைத்தார். ஒரு பெண் தன் குழந்தையின் கால்களை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிச் சில்லோடு சேலையைப் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டினேன். திருச்சியில் என் கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு வாரம் உட்கார்ந்து சுத்தம் செய்த கரிக்குழம்பு அது. நான் கிளம்பி வந்ததற்கே காரணம் அதுதான்.

கிளிநொச்சியில் நிரஞ்சன் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார். கை கால் இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்பு செய்யும் சிறிய பட்டறை ஒன்றை நடத்துபவர். வயது நாற்பதுக்குள். சென்னையில் ஒரு கருத்தரங்கில் பழக்கம். பிறகு போனில் மணிக்கணக்காகக் கார்பன் பற்றிப் பேசியிருக்கிறோம். அவர் "காபன்" என்பார், நான் "கார்பன்" என்பேன்.

பாலித்தீன் பையை அவர் கையில் கொடுத்தேன். "கொண்டு வந்தது இதுதாங்க."

உள்ளே பார்த்தார். "சேலையில இருந்து எடுக்கேலாதோ?"

"நூலும் சேர்ந்து வரும். பொடியிலிருந்து திரும்பச் சுத்தம் பண்ணணும். உங்ககிட்ட இருக்கிற பொடியில."

"அது மலிவுப் பொடி, மிஸ்."

"தெரியும்."

இரண்டு நாளில் முடிப்பதாக இருந்த வேலை, நான் தங்கப்போகும் வாரம் முழுவதையும் விழுங்கப்போகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

நிரஞ்சனின் வீடு வட்டக்கச்சிப் பக்கம், வாய்க்கால் ஓரம். அவருடைய பாட்டன் யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்து குடியேறியவராம். வீட்டில் தாயும் மகனும் மட்டும். முன்சுவரில் குண்டுச் சில்லுகள் பட்ட குழிகளைச் சிமெண்ட் வைத்து அடைத்துச் சாயம் பூசியிருந்தார்கள். சாயம் ஒன்றுதான், ஆனாலும் சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு குழியும் தனித்தனியாகத் தெரிந்தது. நான் பார்ப்பதை அந்த அம்மா பார்த்தார். "மழைக்கு முதல் திரும்பப் பூசோணும்" என்றார்.

இரவுச் சாப்பாடு புட்டும் மீன் குழம்பும் சொதியும். எங்கள் ஊரில் சாம்பார் செய்யும் வேலையை இங்கே சொதி செய்கிறது. ஆனால் சாம்பாரின் அதட்டல் இதில் இல்லை. தேங்காய்ப்பால் பச்சை மிளகாயை மெல்லச் சமாதானப்படுத்தி அனுப்புகிறது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். தேநீர்தான் இறங்கவில்லை. நாக்கில் மாவு போல ஏதோ ஒட்டியது. கேத்தலின் உள்பக்கத்தைப் பார்த்தேன். வெள்ளையாகச் சுண்ணாம்புப் படை.

"எங்கட கிணத்துத் தண்ணி அப்பிடித்தான், பிள்ளை. சோப்புப் போட்டாலும் நுரைக்காது" என்றார் அந்த அம்மா.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனோம். பிரதான சாலையில் வங்கிகள், நகைக்கடைகள், தவணைக்கு மோட்டார் சைக்கிள் கொடுக்கும் கண்ணாடிக் கட்டடங்கள். அவற்றுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளினால் கூரையில்லாத சுவருக்குள் பப்பாளி மரம் வளர்ந்து நிற்கிறது. பட்டறையின் முன்னறையில் பிளாஸ்டிக் கால்கள் ஆணியில் வரிசையாகத் தொங்கின. குழந்தைக்கானதும் இருந்தது. நான் பின்னறைக்கு வேகமாக நடந்தேன்.

நிரஞ்சனின் சிக்கல் இதுதான். முழங்கைக்குக் கீழே கையை இழந்தவருக்கு மிச்சமிருக்கும் தசை இன்னும் வேலை செய்யும். விரலை மடக்க நினைத்தால் அந்தத் தசையில் சிறு மின்சாரம் ஓடும். தோலின் மேல் உலோக வில்லை ஒன்றை வைத்து அதைப் பிடித்தால், மோட்டார் வைத்த செயற்கைக் கையை இயக்கலாம். ஆனால் வெறும் உலோகம் சரியாகப் பிடிக்காது. பசை தடவினால் வன்னி வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், இல்லையென்றால் வியர்வையில் வழுக்கும். உலோக வில்லையின் மேல் நானோ குழாயை மெல்லிய பூச்சாக ஏற்றினால் பசையே வேண்டாம். கரிக்குழாயை ஒரு திரவத்தில் கலக்கி, வில்லையை உள்ளே தொங்கவிட்டு, மின்சாரம் கொடுத்தால் குழாய்கள் தாமாக நகர்ந்து வில்லையில் போய்ப் படியும். நிரஞ்சன் இதைப் பலமுறை செய்திருந்தார். ஒவ்வொரு முறையும் பூச்சு செதில் செதிலாக உதிர்ந்தது. தோலில் படும் பொருள் உதிரக்கூடாது. உதிரும் வரை யார் கையிலும் அவரால் கட்ட முடியாது.

அவருடைய பொடியைத் தாளில் கொஞ்சம் கொட்டி, தாளுக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினேன். பொடி எறும்புக் கூட்டம் போலக் காந்தத்தின் பின்னாலேயே போனது. குழாயை வளர்க்கப் பயன்படுத்திய இரும்பும் நிக்கலும் இன்னும் உள்ளேயே இருக்கின்றன. நிக்கல் தோலில் அரிப்பைக் கொண்டுவரும்.

"இதையோ நான் இவ்வளவு நாளும் பூசினனான்?" என்றார் நிரஞ்சன்.

முதலில் சூளையில் மிதமான சூட்டில் வைத்து, குழாயாகச் சுருளாத வெறும் கரியை எரித்தோம். பிறகு நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவிட்டோம். அமிலம் உலோகத்தைக் கரைக்கும். கூடவே குழாய்களின் மேல் ஒருவித மின்னேற்றத்தையும் உண்டாக்கும், அதனால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பிரிந்து நிற்கும். கொதிக்கும் ஆவியைக் குளிர்வித்துத் திரும்பக் குடுவைக்குள்ளேயே விழவைக்க, குளிர்விப்பானில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மதியம் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, தண்ணீர் மோட்டாரும் நின்றது. ஆனால் குடுவையின் சூடு நிற்கவில்லை. மேல்முனையில் செம்பழுப்பாகப் புகை எழும்பியது.

"வெளியே போங்க!" என்று கத்தினேன். இருவரும் ஓடினோம். முற்றத்தில் நின்று இருமி முடித்துப் பார்த்தால் நிரஞ்சனைக் காணோம். முன்னறையில் ஒருவர் கால் அளவு கொடுக்க உட்கார்ந்திருக்கிறார், எழுந்து ஓட முடியாதவர் என்பது அவருக்கு நினைவு வந்திருக்கிறது. அவரை முதுகில் சுமந்துகொண்டு முன்வாசல் வழியாக வந்தார். இறக்கிவிடப்பட்ட மனிதர் மூச்சு வாங்கியபடி சொன்னார்: "தம்பி, திரும்பவும் ஓட வைச்சிட்டியள்." சிரிக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் மோட்டாரை நம்பவில்லை. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேராக ஒரு குழாயை இறக்கினோம். கரண்ட் இரண்டு முறை போனது, தண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது.

பிறகு கழுவல். அமிலம் போகும்வரை வடிகட்டிக் கழுவ வேண்டும். சலிப்பான வேலை. நான் சாப்பிட எழுந்த நேரத்தில் நிரஞ்சன் ஒரு பங்கை எடுத்து வழக்கப்படி கடைசிக் கழுவலைப் பட்டறைத் தண்ணீரில் செய்தார். வந்து பார்க்கிறேன், குவளைக்குள் கரி சிறுசிறு கட்டிகளாகத் திரண்டு அடியில் கிடக்கிறது.

"எப்பவும் இந்தத் தண்ணிதானா?"

"ஓம். துணியில வடிச்சுத்தான் எடுக்கிறனான்."

கேத்தலின் வெள்ளைப் படை நினைவுக்கு வந்தது. அந்தச் சுண்ணாம்புதான். அமிலத்தில் இருந்து வந்த குழாய்களைக் கடினத் தண்ணீரில் போட்டால், சுண்ணாம்புச் சத்து அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். கட்டியைப் பூசினால் கட்டியாகத்தான் உதிரும். நிரஞ்சன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எத்தனை மாதங்கள் மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். போனில் என்னிடமும் ஒவ்வொரு முறையும் சொல்வார். தண்ணீரைப் பற்றி நானும் கேட்டதில்லை.

காய்ச்சி வடித்த தண்ணீருக்கு எங்கே போவது? வாகனம் திருத்தும் கராஜுக்குத்தான். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை இருந்தது அத்தனையும் வாங்கினோம். "எத்தினை லொறி வைச்சிருக்கிறியள்?" என்றார் கராஜ்காரர்.

கழுவி முடித்த கரியை ஊசி போடும் முன் தேய்க்கும் ஸ்பிரிட் வகையில் கலந்தோம். தண்ணீரில் கலந்து மின்சாரம் விட்டால் வில்லையில் குமிழி கிளம்பும், குமிழி வந்த இடத்தில் பூச்சில் ஓட்டை விழும். குழாய்க் கொத்துகளைப் பிரிக்க, மூக்குக்கண்ணாடி சுத்தம் செய்யும் அதிர்வுத் தொட்டி போன்ற ஒன்று நிரஞ்சனிடம் இருந்தது. ஓட ஓட அது சூடாகும், ஸ்பிரிட் ஆவியாகப் போகும். ஐஸ் வேண்டும். மீன் சந்தையில்தான் கிடைத்தது. அன்றெல்லாம் அறையில் ஸ்பிரிட் வாடையும் சூரை மீன் வாடையும் கலந்து அடித்தன. ஒரு பூனை வாசலைவிட்டு நகரவில்லை.

கடைசியாக ஒரு சிட்டிகை மக்னீசிய உப்பு சேர்த்தேன். நிரஞ்சன் தடுத்தார். "மிஸ், கிணத்துத் தண்ணியில இருக்கிறதும் இந்தச் சாதிதானே?"

"கழுவும்போது அளவில்லாம வந்தா கட்டி. ஸ்பிரிட்ல பிரிஞ்சதுக்கு அப்புறம் ஒரு சிட்டிகை வந்தா அதுதான் குழாயை எதிர்முனைக்குக் கூட்டிட்டுப் போகும். வில்லையில பிடிச்சு ஒட்டவும் வைக்கும்."

மிஞ்சிய கட்டிகளைச் சுழற்றி அடியில் தள்ளி, மேலாக நின்றதை மட்டும் வடித்தோம். காலையில் வந்து பார்த்தோம். கரி அடியில் இறங்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் மட்டும் பழுப்பு, நல்ல டிகிரி காபியின் விளிம்பு போல. எனக்குக் காபி குடிக்க வேண்டும் என்ற தவிப்பு வந்தது. ஊருக்காக ஏங்கிய ஒரே தருணம் அதுதான்.

வில்லையை இறக்கி மின்சாரம் கொடுத்தோம். ஒரு நிமிடத்தில் வெள்ளி நிறம் மறைந்து வெல்வெட் துணி போல ஒரு கறுப்பு மூடிக்கொண்டது. பூச்சில் வெடிப்பு விழாமலிருக்க மூடிபோட்டு மெதுவாகக் காயவைத்து, சூளையில் சுட்டு எடுத்தோம். நிரஞ்சன் ஒட்டும் டேப்பை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். டேப்பில் ஒன்றுமில்லை. அந்த வாரத்தில் அவர் சிரித்துப் பார்த்தது அப்போதுதான். போன் எடுத்து, "மலர் அக்கா, நாளைக்கு வாங்கோ" என்றார்.

செல்வமலர் பேருந்தில் வந்து இறங்கினார். நாற்பதுகளின் நடுவில் இருப்பார். வலது கை முழங்கைக்குக் கீழே ஒரு சாண் அளவோடு நின்றுவிட்டிருந்தது. கிளிநொச்சிக்குப் பின்னால் காட்டோரக் குடியேற்றத்தில் தனியாக இருக்கிறார், காலையில் புட்டு அவித்துக் கடைக்குக் கொடுக்கிறார். தாயும் தகப்பனும் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்தவர்கள். நான் திருச்சி என்றதும் நிமிர்ந்தார்.

"எங்கட தாத்தா துறையூர் எண்டு சொல்லுவினம். துறையூர் உங்களுக்குத் தெரியுமோ அக்கா?"

"பக்கம்தான். பஸ்ல ஒண்ணரை மணி நேரம்."

"அங்க தண்ணி இருக்கோ?"

"சில வருஷம் இருக்கும்."

"அப்ப இங்கத்தையப் போலத்தான்" என்று கையை நீட்டினார்.

முன்கையின் உள்பக்கம் ஒரு வில்லை, மடக்கும் தசைக்கு. வெளிப்பக்கம் ஒன்று, விரிக்கும் தசைக்கு. பட்டியைக் கட்டி நிரஞ்சன் கணினியை இயக்கினார். விரிக்கும் தசையின் கோடு அமைதியாகக் கிடந்தது. மடக்கும் தசையின் கோடு துடித்துக்கொண்டே இருந்தது.

"இரைச்சல்" என்றார் நிரஞ்சன், முகம் வாடி. "பசை வில்லை வைக்கேக்கையும் இப்பிடித்தான் அக்காவுக்கு வந்தது."

என் பூச்சின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. அதே வில்லையைக் கழற்றி நிரஞ்சனின் கையில் கட்டினேன். கோடு படுத்துவிட்டது. விரலை மடக்கச் சொன்னேன், எழும்பியது. விடச் சொன்னேன், விழுந்தது. சுத்தமான கோடு. மறுபடி செல்வமலருக்குக் கட்டினோம். மறுபடி துடிப்பு.

அது இரைச்சல் இல்லை. பழைய வில்லைகள் மோசமாக இருந்ததால் இத்தனை நாள் அப்படி நினைத்திருக்கிறார்கள். அந்தத் தசை உண்மையிலேயே வேலை செய்துகொண்டிருக்கிறது.

"அக்கா, கையை இளக விடுங்கோ" என்றார் நிரஞ்சன்.

"விடேலாது தம்பி."

"நோகுதோ?"

"நோகும். அது எப்பவும் நோகும். கை பொத்தின படிதான் இருக்கு."

"இல்லாத கையோ?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"ஓம் அக்கா. உங்களுக்கு அது இல்லை. எனக்கு இருக்கு."

அவர் கணினித் திரையைப் பார்த்தபடி சொன்னார். அழவில்லை, குரலும் உயரவில்லை.

"கடைசிச் சண்டையில நாங்கள் கடற்கரைப் பக்கமாப் போய்க்கொண்டிருந்தனாங்கள். சனம் நெரிச்சுக்கொண்டு போகுது. மகளுக்கு ஆறு வயசு. கையை விட்டால் துலைஞ்சு போவாள் எண்டு மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சிருந்தன். 'அம்மா நோகுது' எண்டாள். 'நொந்தாப் பரவாயில்லை, வா' எண்டன். ஷெல் விழுந்தது. கண் முழிக்க ஆஸ்பத்திரி. கை இல்லை. பிள்ளையைக் கண்டதெண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. செத்ததெண்டும் சொல்லேல்ல. எல்லா முகாமும் போய்த் தேடிட்டன்."

திரையில் துடித்த கோட்டைக் காட்டினார். "நான் பிடிச்ச பிடி இன்னும் விடேல்ல. அதைத்தான் உந்த மெசின் காட்டுது போல."

செயற்கைக் கை திறக்க வேண்டுமென்றால் விரிக்கும் தசை பேச வேண்டும், மடக்கும் தசை ஓய வேண்டும் என்று நிரஞ்சன் விளக்கினார். நல்ல மனிதர், ஆனால் பொறியியலாளர். "ஒருக்கா விரிக்கிற மாதிரி நினைச்சுப் பாருங்கோ அக்கா. நினைச்சால் போதும்."

செல்வமலர் கண்ணை மூடினார். விரிக்கும் கோட்டில் மெல்லிய அசைவு ஒன்று வந்தது. அடுத்த நொடி மடக்கும் கோடு திரையின் உச்சியில் போய் முட்டியது. அவர் நெற்றியில் வியர்வை பூத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"போதும், நிறுத்துங்க" என்றேன்.

பட்டியைத் தானே பல்லால் இழுத்துக் கழற்றினார். "இந்தக் கை எனக்கு வேணாம் தம்பி. குறை நினைக்காதேங்கோ."

கறுத்த வில்லைகள் மேசையில் கிடந்தன. அந்த வாரம் முழுவதும் எதற்காக அமிலத்தில் வெந்தோமோ, அது ஒரு தாயின் பிடியை விடச் சொல்வதற்காக என்று ஆகிவிட்டதே என்று எனக்குக் கசந்தது. முன்னறையில் யாரோ ஒரு பிளாஸ்டிக் காலை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு செல்வமலர்தான் கேட்டார். "உந்த வில்லையை மேல ஒட்டினால் வேலை செய்யாதோ? முழங்கைக்கு மேல?"

நிரஞ்சன் என்னைப் பார்த்தார். மேல்கைத் தசையை முறுக்கினால் திறக்கவும், தளர்த்தினால் மூடவும் அமைக்கலாம். கொஞ்சம் மெதுவாக இருக்கும். பழக வேண்டும். ஆனால் முடியும்.

"செய்யலாம் அக்கா" என்றார் நிரஞ்சன்.

"அப்ப மேல ஒட்டுங்கோ. கீழ ஒண்டும் ஒட்ட வேண்டாம். கீழ இருக்கிறது என்ர."

வில்லையை மேல்கையில் கட்டினோம். கோடு அமைதியாகக் கிடந்தது. முறுக்கச் சொன்னார் நிரஞ்சன், எழும்பியது. விடச் சொன்னார், விழுந்தது. மேசையில் கிடந்த பிளாஸ்டிக் கை கம்பி வழியாக அதைக் கேட்டு, விரலை விரித்து மூடியது. செல்வமலர் பல முறை செய்து பார்த்தார். ஒரு முறை அதனிடம் தன் குடையைக் கொடுத்து வாங்கினார். எங்கள் வேலை பலித்துவிட்டது. மூன்று பேரில் ஒருவருக்கும் அதைக் கொண்டாடத் தோன்றவில்லை.

போகும்போது பட்டறை வாசல் வரை அவரோடு நடந்தேன். மகளின் பெயரைக் கேட்டேன். சொன்னார். அதை நான் இங்கே எழுதவில்லை.

"இப்ப அவளுக்குக் கலியாண வயசு வந்திருக்கும்" என்றார். "கையை விடச் சொல்லி எத்தினை பேர் எனக்குச் சொல்லிட்டினம். டொக்டர் சொன்னார், சாமியார் சொன்னார், இப்ப தம்பியும் சொல்லிப் பாத்தார். அவள் வந்து சொல்லட்டும் அக்கா, 'அம்மா நோகுது, விடுங்கோ' எண்டு. விடுறன்."

பேருந்து வந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினார். வலது தோளால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பின்னால் யாரையோ கூட்டிக்கொண்டு போகிறவர் போலக் கொஞ்சம் சாய்ந்து நடந்து உள்ளே போனார்.